போர் வண்டிக்காரரின் கடைவாய்ப் பல்

இதய டாக்டரையும் குழந்தை டாக்டரையும் கையெடுத்துக் கும்பிட வைத்த சினிமாக்காரர்கள், பல் டாக்டரை மட்டும் காமெடி நடிகர்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கையில் குறடு, நோயாளியின் நெஞ்சில் ஒரு மிதி, கடைசியில் பிடுங்கி எடுத்தது நல்ல பல். இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்த நீங்கள்தான், அப்புறம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சக பல்வலிக்காரர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் கடைவாயில் இரண்டு அடைப்பு இருக்கிறது, அந்த உரிமையில் சொல்கிறேன்.

அம்மாபேட்டையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, மல்லசமுத்திரத்தில் ஒரு உரக்கடை மாடியில் இருபது வருடமாகப் பல் பார்க்கிறேன். எத்தனையோ வாய்களைப் பார்த்தாயிற்று. போன வருடம் வந்த அர்த்தநாரியின் வாய் மட்டும் மறக்கவில்லை.

குறடு எங்கே?

அர்த்தநாரி போர் வண்டியில் டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர், தெலங்கானா என்று ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுவார். வடக்கே மழை பிடித்தால் வண்டியோடு ஊருக்கு வருவார். ஆள் கதவளவு அகலம். அப்படிப்பட்டவர் என் நாற்காலியின் நுனியில், செருப்பைக்கூடக் கழற்றாமல், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கச் சொன்னால், "மொதல்ல குறடு எங்க இருக்குதுன்னு காட்டுங்க" என்றார்.

முந்தின வருடமே மாடிப்படி வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனவராம். கூட வந்திருந்த மனைவி வசந்தாமணி தலையில் அடித்துக்கொண்டார். "காட்டுக்குள்ள கரடி வந்தப்பக்கூட வண்டிய உட்டு ஓடாத மனுசனுங்க. டிவியில பல் டாக்டர் வந்தாப் போதும், சேனல மாத்துன்னு கத்துவாருங்க!"

காற்று வைத்தியம்

வலது கீழ்க்கடைவாயில் பெரிய குழி. ஈறெல்லாம் வீங்கி, தொட்டால் ரத்தம். "இதுவரை என்ன வைத்தியம் பண்ணீங்க?" என்று கேட்டேன். கிராம்பு, புகையிலை, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார். அதுவரைக்கும் எல்லாரும் செய்கிற தப்புதான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, ஒருநாள் குழியில் சோறு அடைத்துக்கொண்டபோது, வண்டியில் ஏர் ஃபில்டர் தூசியை ஊதித் தள்ளுகிற காற்று பைப்பை எடுத்து வாய்க்குள் ஊதிக்கொண்டதாகச் சொன்னார். மூன்று நாள் கன்னம் பன் மாதிரி உப்பி நின்றதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. காற்று சதைக்குள் புகுந்து கழுத்துவரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று கத்தித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நியாயம் பேசினார். "போர்க் குழியில சேறு நின்னா காத்த உட்டுத்தானுங்க வெளிய தள்ளோணும். நாங்க முப்பது வருசமா அப்படித்தானுங்க பண்றோம்."

வசந்தாமணி தனியாகச் சொன்னது

எக்ஸ்ரே எடுத்தேன். வேரடியில் சீழ். சர்க்கரையும் இருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இறங்கவில்லையாம். எப்படி இறங்கும்? ஈறில் புண் இருந்தால் சர்க்கரை இறங்க மறுக்கும். சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஆளைப் படுத்தும். அவர் வெளியே போய் உட்கார்ந்ததும், வசந்தாமணி கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

பிளஸ் டூ படிக்கிற மகள் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு வருடமாக அப்பா இருக்கிற அறையில் அவள் உட்காருவதே இல்லையாம். சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல், மனுஷன் தட்டு வைக்கிற சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்திருக்கிறார். வண்டி திரும்பக் கிளம்ப மூன்று வாரம்தான் பாக்கி. வசந்தாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "போன்ல பேசறப்ப நல்ல அப்பனுங்க, ஊட்டுக்கு வந்தாத்தானுங்க இப்படி. கெளம்பறதுக்குள்ள அந்தப் பழைய மனுசனத் திருப்பிக் குடுத்துருங்க அம்மிணி."

எத்தனை அடி?

பல்லைக் காப்பாற்றலாம், ரூட் கேனால் செய்ய நாலு தடவை வரவேண்டும் என்றேன். குறட்டுக்குப் பயந்த ஆள் இப்போது, "நாலு தடவ பயப்படறதுக்கு ஒரே தடவையாப் புடுங்கிருங்க" என்று நின்றார். படம் போட்டுக் காட்டினேன். மேலே துளை போட்டு, உள்ளே இருக்கிற கெட்டதை எடுத்து, கழுவி, அடைத்து, மேலே ஒரு உறை மாட்டுவோம்.

அவர் முகம் மெல்ல மாறியது. "போர் போடறதாட்டத்தானுங்களா? மேல மாட்டறது கேசிங் பைப்பாட்ட?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். எத்தனை அடி போகும் என்று தொழில்காரராகவே கேட்டார். இருபது மில்லிமீட்டர் என்றேன். அன்றைக்குத்தான் முதல்முதலாகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஆயிரம் அடி எறக்குனவன் நானு. இருபது மில்லிக்கா இத்தன ஆர்ப்பாட்டம் பண்ணீட்டிருந்தேன்?"

வேலை நிறுத்தம்

மூன்றாம் தடவை, பாதி வேலையில் அவர் கையைத் தூக்கினார். வலிக்கிறதோ என்று பதறி நிறுத்தினேன். மரத்துப் போன வாயைக் கோணிக்கொண்டு, பல் துளைக்கிற கருவிக்குக் காற்று கொடுத்துப் பால்கனியில் ஓடுகிற என் கம்ப்ரசரைக் காட்டினார். அது மூச்சு வாங்குகிறதாம், இன்னும் பத்து நிமிஷத்தில் நின்றுவிடுமாம். சொல்லி வாய் மூடவில்லை, நின்றே விட்டது.

கழுத்தில் கட்டிய பிளாஸ்டிக் ஏப்ரனோடு எழுந்து போய், ஃபில்டரைக் கழற்றித் தட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டி ஓட்டிவிட்டார். கையைக் கழுவிக்கொண்டு, அடம் பிடிக்காமல் நாற்காலியில் வந்து படுத்து வாயைத் திறந்தார். பல்செட்டுக்கு அளவு கொடுக்கக் காத்திருந்த தறிப்பட்டறைக்காரர் ஒருவர் இதையெல்லாம் கவனித்துவிட்டு, கவலையோடு எட்டிப் பார்த்தார். "ஏனுங்க டாக்டரம்மா, எம்முறை வந்தா ஜன்னலுக்குத் துணி எதாச்சும் தறியில நெய்ஞ்சு குடுக்கோணுமுங்களா?"

வண்டி கிளம்பியது

நாலாவது தடவை உறையும் மாட்டியாயிற்று. ஈறில் சிவப்புத் தணிந்து வீக்கம் வடிந்திருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாம் என் கைராசி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன், மாத்திரைக்கும் பங்கு உண்டு. ஆனால் மனுஷன் ராத்திரி தூங்கி எழுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. காலையிலும் இரவிலும் தேய்க்க வேண்டும், புகையிலை கூடாது, அடுத்த மழைக்கு வந்து காட்ட வேண்டும் என்று மூன்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

வண்டி கிளம்பிய மறுநாள் வசந்தாமணி மட்டும் மாடியேறி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. உறை கழன்றுவிட்டதா, வீட்டில் மறுபடியும் சண்டையா என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போன வருசம் வண்டி கெளம்புனப்ப, அப்பாடான்னு ரண்டு பேரும் கதவச் சாத்துனமுங்க. இந்தத் தடவ எம்புள்ள ரோடு வரைக்கும் வண்டி பின்னாலயே ஓடி அழுதுச்சுங்க அம்மிணி."

குறடு இல்லாமலே ஒரு வீட்டையே அழவைத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் வந்து சேரும்வரை பல்லைக் காட்டிக்கொண்டே வந்த பல் டாக்டர் என்னைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.