சறுக்கினார் என்ற சொல்

2024 பெப்ரவரி 6, செவ்வாய். காலை ஆறு மணிக்கு வழக்கம்போல் மழைமானியைப் பார்த்து, ‘மழை இல்லை’ என்று தோட்ட அலுவலக ஏட்டில் குறித்தேன். எட்டு மணிக்குப் பத்திரிகை வந்தது.

எங்கள் பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரியாயியின் மகள் தேவி, நெதர்லாந்தில் மருத்துவமனைத் தாதி. உறைந்த ஏரியில் இருநூறு கிலோமீற்றர் பனிச்சறுக்குப் போட்டியை முடித்திருந்தாள். ‘இருநூறு கிலோமீற்றரும் சறுக்கினார்’ என்று எழுதி, அந்தப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைத் தயாரிக்கும் என் பள்ளித் தோழனுக்கு அனுப்பியிருந்தேன். அவன் போட்ட தலைப்பு: ‘பனியில் சறுக்கினார் மலையகப் பெண்!’ அவள் முடித்ததாக ஒரு வரியும் இல்லை.

மாரியாயி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். “ஐயா, எம்மவ வழுக்கி விழுந்து தோத்துட்டாளாமே? லயத்துச் சனமே சிரிக்குது. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?”

தோழனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“தெரிஞ்சுதான்டா போட்டேன். ஐஸ்ல போய் முடிச்சாள்னா எவன் வாசிப்பான்? விழுந்தாள்னா வாசிப்பான்,” என்று சிரித்தான்.

தவறுதலாக நேர்ந்திருந்தால் மன்னித்திருப்பேன். நான் நம்பிக் கொடுத்த சொல்லையே அவன் அவளுக்கு எதிராகத் திருப்பிவிட்டான்.

மறுநாள் காலை நான் மழைமானியிடம் போகவில்லை. முதலில், தொழிலாளர்கள் வேலைக்குமுன் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். பெயர் கூப்பிடுமுன், நாட்குறிப்பில் படியெடுத்து வைத்திருந்த என் செய்தியை எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். ‘சறுக்கினார்’ வந்த இடத்தில் மட்டும் ‘முடித்தார்’ என்றேன்.