பக்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி

மன்னித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதுகிறவள் இல்லை, மற்றவர்கள் எழுதுவதைப் படித்து லைக் போட்டுவிட்டுப் போகிறவள். இன்று மட்டும் எழுதிவிடுகிறேன்.

தனபால் அண்ணன் போய்விட்டார். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாரே, அவர்தான்... நேற்றுக் காலை கடை திறக்கக் கிளம்பியவர், வண்டியில் சாவி போட்டபடியே சரிந்துவிட்டாராம். ஹார்ட் அட்டாக்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். அதற்கான முதல் பட்டதாரி சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இப்போது நான் சிறப்பாசிரியர். "மிதமான அறிவுசார் குறைபாடு" என்று சான்றிதழில் எழுதப்பட்ட பிள்ளைகள் ஒன்பது பேர் எங்கள் மையத்துக்கு வருகிறார்கள்.

அதில் தேவிக்குப் பன்னிரண்டு வயது (பெயரை மாற்றியிருக்கிறேன்). அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கையப் புடிச்சி எழுத வெக்காதீங்க டீச்சர். எம் பொண்ணு அதுவா ஒரு பக்கம் செஞ்சி நான் பாக்கணும்."

அச்சிட்டு வரும் பயிற்சித்தாளில் பக்கத்துக்குப் பத்துக் கேள்வி, பொடி எழுத்து, ஓரமெல்லாம் பூக்கொடி... பார்த்ததுமே தேவி மேசைக்கு அடியில் போய்விடுவாள்.

அதனால் எல்லாவற்றையும் நானே மாற்றி எழுதினேன். பக்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி. பெரிய எழுத்து. இரண்டு படம், சரியானதற்கு வட்டம். மீதி வெறும் வெள்ளை. மொத்தம் பன்னிரண்டு பக்கம், பென் டிரைவில் போட்டு அண்ணன் கடையில் கொடுத்தேன்.

மூன்று தாளாகத் திரும்பி வந்தது! நான்கு நான்கு பக்கமாகச் சுருக்கி, மூலையில் அழகாகப் பின் அடித்து...

"இன்னா டீச்சரம்மா, பக்கத்துக்கு ஒரு கேள்விதான் இருக்குது, மீதி பூரா காலி. பேப்பர் வேஸ்ட்டாப் போவுதேன்னு நானே சுருக்கிப் போட்டுட்டேன். எப்பிடி?"

அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் வெட்டி, ஒவ்வொன்றையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒட்டினேன். மூன்று வாரம் இப்படியே போனது. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

நான் மறந்து வைத்துவிட்டு வந்த பென் டிரைவைக் கொடுக்க ஒருநாள் அவரே மையத்துக்கு வந்தார். நான் அவர் கொடுத்த தாள்களை வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டாத தாள் ஒன்று தேவியின் மேசை மேல் இருந்தது. தேவி மேசைக்கு அடியில்.

என் கத்தரிக்கோலையும் மேசைக்கு அடியில் இருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, வாயில இன்னா கொழக்கட்டையா வெச்சிருந்தே? தப்புண்ணான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அன்று சாயங்காலமே எல்லாப் பக்கமும் தனித்தனித் தாளில் வந்தன. அதுவும் A3 சைஸில்.

அதன்பிறகு கடையில் யாராவது "இன்னாங்க, பேப்பர் பூரா காலியா இருக்குது?" என்று கேட்டால், "அந்தக் காலி எடமும் பாடந்தான் சார், உங்களுக்குப் புரியாது" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

இன்னொரு நாள்... "மலை எது?" என்று ஒரு பக்கம். பனி மலைப் படம் போட்டிருந்தேன். தேவி அதைத் தொட்டு "உப்பு" என்றாள். நான் தவறு என்று குறித்துவிட்டேன்.

கடைக்குப் போனபோது அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். "நானே அளத்துல கொட்டி வெச்ச உப்புன்னுதான் நெனச்சேன். அப்ப எனக்கும் தப்பு போடுவீங்களா?"

அப்புறம் படமெல்லாம் அவருடைய செல்போனில் எடுத்தவைதான். பின்னால் வேறு எதுவும் தெரியக் கூடாது என்று ஒரு தடவைதான் சொன்னேன். கோழியைப் படம் எடுக்க, அதன் பின்னால் அவர் மனைவி மல்லிகா அக்கா வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்களாம். கோழி நிற்கவில்லை.

பிறகு, நமக்கு உதவுகிறவர்கள் பாடம் வந்தது. கடைக்காரர் என்று புத்தகத்தில் இருந்த கார்ட்டூனை எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"எம் மூஞ்சியப் போடுங்க. சாயங்காலம் எங் கட வாசல்ல வேனுக்கு நிக்கிறப்ப தெனமும் பாக்குறதுங்கதானே?"

மறுநாள் இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்து ஜெராக்ஸ் மிஷின் முன்னால் நின்றார். நான்தான் எடுத்தேன்.

ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் பஸ். "கடைக்காரர் யார்?" தேவி அண்ணனைச் சுற்றி வட்டம் போட்டாள். நான் அவள் கையைத் தொடவில்லை. யாருமே தொடவில்லை.

"இது யாரு போட்டது?" என்று அவள் அம்மா என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். அன்றைக்குக் கடைக்கு வந்த எல்லோரிடமும் அவர் சொன்னார். "உன்ன கண்டுபுடிக்க இன்னாய்யா கஷ்டம், தொப்பதான் முன்னாடி வருதே" என்றார் பக்கத்து டீக்கடைக்காரர்.

நேற்று அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாலை போட்டிருந்தது அந்தப் போட்டோவுக்குத்தான். நீலச் சட்டை...

செத்தவர் படத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா, மாற்றிவிடு என்று மையத்தில் சொல்கிறார்கள். வேறு முகம் வைத்தால் தேவிக்குப் பழக எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

போய்ட்டு வாங்கண்ணா.

மல்லிகா அக்கா, உங்கள் மகள் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். நேற்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் கேட்க முடியவில்லை. அண்ணன் படத்தை அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டுமா? பிள்ளைகள் அதன் மேல் பென்சிலால் வட்டம் போடுவார்கள், சில நேரம் கிறுக்கியும் விடுவார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா, எடுத்துவிடுகிறேன்.