இசைத்தட்டில் நாலாவது குரல்

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் போடுகிற ஆள் நான். இப்போதும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூச்சம், ஆனால் கேட்டதைக் கேட்டேன் என்று சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே வாசியுங்கள்.

கனடாவில் மொன்றியலுக்கு வந்த பிறகு சென்ட் லோரன்டில் ஜக்கெற் தைக்கிற ஒரு தொழிற்சாலையில் கனகாலம் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் குளோடெட். இந்த ஊரிலேயே பிறந்த கறுப்பினப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். எனக்கு பொன்ஜூர், மெர்சிக்கு மேலே பிரெஞ்சு ஓடாது, மிச்சமெல்லாம் கையாலும் கண்ணாலும்தான், என்றாலும் என் மகள் சுகந்தியிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

குளோடெட் இளம் வயதில், சோல் என்கிற கறுப்பினத்தவரின் இசையில், ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்தவள். மூன்று பெண்கள் சேர்ந்த குழு, அந்த ஒரு பாட்டு அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஓடியதாம், இன்றைக்கும் கடைகளில் போடுகிறார்கள். இதையெல்லாம் சுகந்திதான் அவளிடம் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னாள், பாட்டின் பெயர் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. மற்றக் குரல்களுக்குக் கீழே ஓடுகிற அடிக்குரல் போதவில்லை என்று பதிவு செய்கிற அன்றைக்கு இவளைக் கூப்பிட்டுப் பாட வைத்திருக்கிறார்கள். இசைத்தட்டின் உறையில் அந்த மூன்று பெண்களின் படம் மட்டும், இவளுடைய பெயர் எங்கேயும் இல்லை. இதைச் சொன்னால் தொழிற்சாலையில் மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவ்வளவு பெரிய பாட்டுக்காரி எங்களோடு இருந்து ஜக்கெற்றுக்குச் சிப் தைப்பது ஏன் என்று ஒருத்தி கேட்க, சிப்பையும் யாராவது தைக்கத்தானே வேண்டும் என்றாளாம் குளோடெட்.

மெஷினில் இருந்தால் அவள் வாய்க்குள் ஒரு ராகம் ஓடும். நாள் முழுக்க அதே ராகம். கேட்டுக் கேட்டு எனக்கும் பாடமாகிவிட்டது, அதுதான் அந்தப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் ஜான்-டலோன் சந்தையில் தக்காளி பொறுக்கிக்கொண்டு நிற்க, வானொலியில் ஒரு பாட்டுப் போனது. குளோடெட் சொல்கிற பாட்டு இதுதான் என்றாள் சுகந்தி. இல்லை, இது வேறு பாட்டு என்று நான் அவளோடு சண்டை பிடித்தேன். கொஞ்சம் செல்லத்தான் காது பிடித்தது, மேலே அந்தப் பெண்கள் வேறு ராகத்தில் பாட, எனக்குப் பாடமான ராகம் அடியில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. நீங்களே யோசியுங்கள். பாட்டைக் கேட்டு முணுமுணுக்கிறவர்கள் மேலே போகிறதைத்தானே பிடிப்பார்கள்? அடியில் ஓடுவதை மட்டும் வாய்க்குள் வைத்திருப்பவள் அதைப் பாடினவளாகத்தான் இருக்கவேண்டும். எனக்கு அது போதும்.

போன வருடம் குளோடெட் செத்துப்போனாள். அவளுக்கென்று இருந்தது தமையனின் மகன் மார்க் ஒருவன்தான். அடக்கம் முடிந்து மண்டபத்தில் சாண்ட்விச்சும் கோப்பியும் வைத்திருந்தார்கள், நல்ல பகல் வெளிச்சம், சனம் நிறைய. மார்க் அவளைப் பற்றிப் பேசப்போகிறான் என்றார்கள். அந்த இசைத்தட்டில் பாடினவள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், இன்றைக்கு விட்டால் பிறகு ஒருவரும் சொல்லப்போவதில்லை. கூச்சத்தை விட்டுச் சுகந்தியை இழுத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

மார்க் கோபிக்கவில்லை. அத்தை கதை சொல்லுவா, அந்தப் பாட்டை எல்லாருக்கும் தெரியும், அதில் மூன்று பேர்தான், சபையில் மாற்றிச் சொன்னால் சனம் சிரிக்கும், இன்றைக்கு அவவைப் பார்த்துச் சிரிக்க விடமாட்டேன் என்றான்.

“அவர் சொல்றது சரிதானே அம்மா. வாங்கோ, போவம்,” என்றாள் சுகந்தி.

“நாலு பேர் எண்டு அவனுக்குச் சொல்லு.”

“செத்தவீட்டுக்கு வந்து வழக்குப் பேசுறியளே?”

“ஓம், பேசுறன். நீ சொல்லு பிள்ளை.”

மார்க் போனில் அந்தப் பாட்டைப் போட்டு மேசையில் வைத்தான். மூன்று பேரும் குனிந்து கேட்டோம். அடியில் கேட்பது கிற்றார் என்றான் அவன். கிற்றாருக்கு வார்த்தை வருமா என்று அவனைக் கேள் என்றேன், சுகந்தி கேட்கவில்லை. வந்த கோபத்தில் ஒரு சாண்ட்விச்சை எடுத்து வாய்க்குள் திணித்தேன்.

அப்போதுதான் போனுக்கு அழைப்பு வந்தது. பாட்டு நடு வரியில் அறுந்தது. மேலே பாடிய மூன்று பெண்களும் நின்றுவிட்டார்கள். அடிக்குரல் நிற்கவில்லை. கிற்றார் இல்லை, மேளம் இல்லை, வெறும் குரல், அந்த வரியைக் கடைசிச் சொல் வரைக்கும் பாடி முடித்தது. போனுக்குள்ளிருந்தும் வரவில்லை. குனிந்திருந்த எங்கள் மூன்று தலைகளுக்கும் நடுவிலிருந்து வந்தது.

மார்க் அழைப்பை எடுக்கவில்லை. போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“நீங்களோ அம்மா பாடினது?” என்று சுகந்தி கேட்டாள். வாயைத் திறந்து காட்டினேன். வாய் நிறையச் சாண்ட்விச் பாண்.

கொஞ்ச நேரத்தால் மார்க் எழும்பிப் பேசினான். சுகந்தி என் காதுக்குள் தமிழில் சொன்னாள். அந்தப் பாட்டில் நாலாவது குரல் என் அத்தையுடையது என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

போன் சில நேரம் அப்படி இழுத்துப் பாடும் என்கிறாள் சுகந்தி இப்போது. அதைப் பற்றிக் கேட்டால் மார்க் பேச்சை மாற்றுகிறான். மாற்றட்டும். சபையில் சொன்னது சொன்னதுதான்.

ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. அந்த வரி முடிந்ததும், மார்க் போனை அணைக்கிறதற்கு முன்னால், அடுத்த வரியைத் தொடங்க ஒருவர் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த மூச்சை விட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கவில்லை.