உதட்டோரம் வழிந்த நன்மை

லோத்குண்டாவில் படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் நன்மை என்கிற அர்ச்சித்த அப்பத்தைக் கொண்டுபோவது என் வேலை. ஆதித் திருச்சபையிலும் வர முடியாதவர்களுக்கு அப்பம் வீடு தேடிப் போனதாம். இப்படி எதையாவது படித்துவிட்டு எங்கள் தெருக் கத்தோலிக்கர் கூடும் அன்பியக் கூட்டத்தில் பேசித் தீர்ப்பேன். அதனால் ரயில்வே பட்டறையில் ரிட்டயரான ஒரு அண்ணன் என்னைச் 'சாமியாரம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

அவருக்கும் குஷாய்குடாவில் இருந்த தம்பிக்கும் பேச்சு இல்லை. வேறு சபைக்குப் போய்விட்ட தம்பி, அம்மாவை அடக்கம் செய்த அன்று, "நீங்க நாக்குல வாங்குறது வெறும் பிஸ்கட்டு" என்றிருக்கிறார். குழி ஓரத்திலேயே அண்ணன் அறைந்துவிட்டார்.

இது தெரிந்தும் ஒரு கூட்டத்தில் பேசினேன்: சண்டையோடு வருகிறவர் சமாதானமாகும்வரை ஆதிக் கிறிஸ்தவர்கள் அவரை அப்பம் பிட்கையில் சேர்க்கமாட்டார்கள், பலி தீட்டுப்படும் என்பார்கள். அடுத்த ஞாயிறிலிருந்து அவர் நன்மை வாங்க எழுந்திருக்கவில்லை. நாலு வருஷம். என் பேச்சு ஒருவரையாவது தொட்டதே என்று எனக்குப் பெருமைதான்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று. நன்மைச் சிமிழோடு போனால் வாயைத் திறக்க மறுத்தார்.

"நக்கோ, வேணாம் சாமியாரம்மா. தம்பி வரட்டும். நீங்க சொன்னதுதானே" என்று கரகரத்தார்.

அவர் மனைவி வாசல்வரை வந்தார். "பூட்டினது நீங்க. சாவியும் நீங்களே கொண்டாங்க."

வீட்டுக்கு வந்து, அன்று கூட்டத்துக்காகப் படித்த புத்தகத்தை எடுத்து, விட்ட பக்கத்திலிருந்து படித்தேன். விலக்கி வைக்கப்பட்டவரே ஆனாலும், சாகக் கிடந்தால் அப்பத்தை மறுக்கக்கூடாது என்பதும் அதே ஆட்களின் வழக்கம். மறுநாள் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"எனக்காக மாத்திப் பேசாதீங்க" என்றார்.

தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். மூன்றாம் நாள் வந்தார். அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் பேசினது தப்புண்ணே."

"வலிச்சுதாடா, அன்னிக்கு?"

"ஹவ், ஆமா. இன்னும் வலிக்குது."

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அப்பத்தில் ஒரு துணுக்கு கிள்ளி, ஒரு ஸ்பூன் தண்ணீரில் வைத்துக் கொடுத்தேன். முந்தாநாள்வரை கஞ்சி இறங்கிய தொண்டையில் அது இறங்கவில்லை. உதட்டோரம் வழிந்தது. நான் துணி எடுப்பதற்குள் தம்பி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார்.

"இத என்னக்கா செய்யணும்? கீழ விடக்கூடாதில்ல?"

யார் காலும் படாத மண்ணில் சேரட்டும் என்று, வாசல் செம்பருத்தியின் வேரில் விழும்படி அவர் கையைக் கழுவிவிட்டேன். உள்ளே திரும்பியபோது அண்ணன் வாய் திறந்தபடியே இருந்தது, இன்னொரு துணுக்குக்காக. கொடுத்தேன். அதுவும் இறங்கவில்லை. சாயங்காலம் அண்ணன் போய்விட்டார்.