முருங்கைச் சாற்றில் ஊறிய பயறு

பக்கத்து அறையில் குடியிருந்த பெண்ணின் விதைகளை நான் கெடுத்தேன். கெடுத்த பிறகு, விதைதான் சொத்தை என்று அவளிடம் பொய்யும் சொன்னேன்.

ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் இரு குடும்பங்களும் இருந்தன. அவள் கணவனைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அவளுடைய சின்ன மகளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பயறு வகை கொடுத்தால் வடியும் என்று ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சொல்லியிருந்தார். ஃபேரர் பார்க் பக்கம் காலி நிலத்தைக் கொத்தி எல்லாரும் காய்கறி போட்டபோது, அவளும் ஒரு பாத்தி பிடித்தாள். ஒரு பிடி பயற்றங்காய் விதை வாங்கி வந்தாள்.

நான் ஆபீஸ் குமாஸ்தா, அங்கே கிராணி என்பார்கள்; பள்ளியில் தாவரவியல் படித்தவன். முருங்கையிலைச் சாற்றில் ஊறவைத்தால் விதை சீக்கிரம் முளைக்கும் என்று தெரியும். எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று தெரியாது. என் விதையில் சோதிக்க மனம் வரவில்லை. சீக்கிரம் முளைக்க வைக்கிறேன் என்று அவளுடையதை வாங்கிக் கெட்டிச் சாற்றில் போட்டேன். அவள் விதைத்தாள், எதுவும் மேலே வரவில்லை. கிளறிப் பார்த்தால் அத்தனையும் அழுகிக் குழகுழத்திருந்தன. நான் சொன்னதை நம்பி அவள் விதை விற்றவரிடம் சண்டைக்குப் போனாள். இனி உனக்கு விதையில்லை என்று அவர் விரட்டிவிட்டார்.

அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. என் விதைகளில் கொஞ்சம் எடுத்து ஈரத்துணியில் கட்டி, சாற்றை நீர்க்க நீர்க்கக் கலந்து பார்த்தேன். அழுகினால் மறுபடியும் கலந்தேன். சாறு வெளிர்பச்சையாகத் தெளிந்தபோதுதான் முளை துணியைத் துளைத்து வந்தது. முதலில் விதை விற்றவரிடம் உண்மையைச் சொன்னேன். பிறகு முளைத்த பயற்றையும் என் மீதி விதையையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

கிழங்கு உரித்தபடியே கேட்டாள்.

"ஒங்க வெதயில மொதல்ல பாத்திருக்கலாம்ல அண்ணே?"

"வீணாயிடுமோன்னு பயம், தங்கச்சி."

"எங்கிட்ட மட்டும் மூட்டையா கெடந்துச்சு?"

முளைத்ததைத் தொடவில்லை. மீதி விதையை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இத நான் வெறுந்தண்ணியில போட்டுக்கிறேன். நீங்க பாத்திப் பக்கம் வராதீங்க."

முளைத்ததை நானே நட்டேன். முதலில் காய்த்ததும் அதுதான். என் மனைவி கொண்டுபோய்க் கொடுத்தபோது, பிள்ளைக்காக வாங்கிக்கொண்டாள். தன் பாத்தி காய்த்ததும், அதே அளவு எங்களுக்குத் திருப்பி அனுப்பினாள். சின்னவளின் கால் மெல்ல வடிந்தது. அதன்பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை. பார்த்தால், "கிராணியாரே" என்பாள்.