ஸ்பேர் பையில் இருந்த பழைய அளவு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? மலைமேல் புதூர்நாட்டில், ஒரு புது வீட்டின் புது பாத்ரூமில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். வெளியே பால் காய்ச்சி முடித்து, கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

ஏன் என்று சொல்வதற்கு முன், இரண்டு வருடமாக உங்களிடம் மறைத்த ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மருமகள், மூட்டுவலி, ரேஷன் கடைச் சண்டை என்று எல்லாவற்றையும் இந்தப் பக்கத்தில் கொட்டியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொல்லித் தொலைக்கிறேன்.

எனக்குப் பெருங்குடலில் ஒரு கட்டி. அறுத்து எடுத்துவிட்டு, மீதிக் குடலின் முனையை வயிற்றின் இடது பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். அதை ஸ்டோமா என்பார்கள். அதன்மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். மலம் அதில்தான் வரும். நிரம்பினால் காலி பண்ண வேண்டும், சில நாளுக்கு ஒருமுறை புதுப் பை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். உயிரோடு இருக்கிறேன், பத்தி எழுதுகிறேன், சண்டையும் போடுகிறேன்.

வெளியே கிளம்பினால் ஸ்பேர் செட் கையோடு இருக்க வேண்டும் — ஆஸ்பத்திரி நர்ஸ் படித்துப் படித்துச் சொன்ன பாடம். நானோ டீச்சர். விடுவேனா? வீட்டுக்கு வந்த முதல் வாரமே ஜிப் வைத்த பவுச் ஒன்றில் இரண்டு பை, கத்தரி, பஞ்சு, இடைவெளியை அடைக்கிற பேஸ்ட், கேரி பேக் என்று அடுக்கிவிட்டேன். பையின் பின்னால் ஒட்டுகிற தட்டு இருக்கும். அதில் ஸ்டோமாவின் அளவுக்கு ஓட்டை வெட்ட வேண்டும். அவசரத்தில் வெட்டிக்கொண்டிருக்க வேண்டாமே என்று அதையும் அப்போதே வெட்டி வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து வாசல் தாண்டும்போதெல்லாம் என் வீட்டுக்காரர், "எடுத்துக்கிட்டியா?" என்பார். "எடுத்தாச்சு" என்பேன். ஒருமுறைகூட பவுச்சைத் திறக்க வேண்டிவரவில்லை. தாயத்து மாதிரி ஆகிப்போனது.

இப்போது கன்னியம்மாவுக்கு வருகிறேன். ரிட்டயர் ஆவதற்கு முன் ஆறு வருடம் நான் புதூர்நாட்டுப் பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கே சத்துணவு சமைத்தவள் கன்னியம்மா. ஆறு வருடமும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான். ஆபரேஷனுக்குப் பிறகு நாலு தடவை அவளைப் பார்க்க மலைக்குப் போனேன். நாலு தடவையும் பச்சைத் தண்ணீரோடு எழுந்துவிட்டேன்.

பயம்தான். சாப்பிட்டால் பை நிறையும். காற்று சேரும். சத்தம் வரும். ஜீப் குலுக்குகிற குலுக்கலில் ஏதாவது ஆகிவிட்டால்...? "இப்பதான் சாப்ட்டு வந்தேன்", "இன்னிக்கு விரதம்" என்று விதவிதமாகப் பொய் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கன்னியம்மா முகம் சுருங்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து வந்தேன்.

இந்த வைகாசியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச அழைத்தாள். அவளும் மகனும் கல் சுமந்து கட்டிய வீடு. போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்:

"வந்தா சாப்ட்டுட்டுதான் போவணும் டீச்சர். இல்லன்னா வராதீங்க."

கன்னியம்மா என்னை 'வராதீங்க' என்று சொன்னதே இல்லை. சுருக்கென்றது. இன்னொருமுறை மறுத்தால் இவள் எனக்கு இல்லை என்று புரிந்துவிட்டது.

அதனால் சாப்பிட்டேன். எட்டு மணிக்குப் பொங்கல், வடை. அதற்கு மேல் அவள் மரத்துப் பலா, ஆறு சுளை! பலா என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உங்களுக்கு வயிறு உப்பும். எனக்குப் பை உப்பும். கூடவே வெயில், வேர்வை, கூட்டம். ஒட்டு விட்டுப்போனது. முதலில் ஒரு ஈரம், பிறகு வாடை... காலையில்தான் மஞ்சள் தண்ணீர் தெளித்து சாமி படம் வைத்த தரையில் உட்கார்ந்திருக்கிறேன். முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

அப்போதுகூட தைரியமாகத்தான் இருந்தேன். பவுச் இருக்கிறதே! பழையதைக் கழற்றி, கழுவி, துடைத்து, புதுப் பையை வைத்துப் பார்த்தால்... ஓட்டை பெரிது. சுற்றிலும் சந்து.

ஆபரேஷன் ஆன புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். சில வாரங்களில் சுருங்கிவிடும். வீட்டில் மாற்றும்போதெல்லாம் சின்ன அளவில்தான் வெட்டுகிறேன். பவுச்சில் இருந்த இரண்டும் வீங்கின காலத்து அளவிலேயே தூங்கிக்கொண்டிருந்தன. பேஸ்ட் ட்யூப்? கல். அப்படியே ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒழுகும்.

இரண்டு வருடமாக எடுத்துக்கிட்டியா என்று கேட்டவர், திறந்து பார்த்தியா என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அடுத்தவர் நோட்டில் தப்புக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவள் நான்! அழுகை வந்துவிட்டது.

கதவு தட்டும் சத்தம். கன்னியம்மா.

"டீச்சர், இன்னா ஆச்சி? எம்மா நேரமா உள்ளயே கீறீங்க?"

"ஒண்ணுமில்ல, நீ போ."

"ஒண்ணுமில்லன்னா ஏன் அழுவுறீங்க? தொறங்க மொதல்ல."

திறந்தேன். வேறு வழி? பையைக் காட்டினேன். வயிற்றைக் காட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு நகருவாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வந்ததோ கோபம்.

"இதுக்காவதான் ரெண்டு வருசமா எங்க வூட்ல கை நனைக்காம போனீங்களா?"

தலையாட்டினேன்.

"நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? வேலை முடிஞ்சிபோச்சி, இனிமே மலைக்காரி வூட்டு சோறு டீச்சருக்கு எறங்காதுன்னு நெனச்சேன். எம் மவன்கிட்ட சொல்லி அழுதேன் டீச்சர்!"

என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று இவளை நாலு தடவை அவள் வீட்டிலேயே அவமானப்படுத்தியிருக்கிறேன். பை வைத்த நாளிலிருந்து எத்தனையோ முறை கூச்சப்பட்டிருக்கிறேன். அந்த நிமிடம் வந்த வெட்கம் அதுவரை வந்ததில்லை.

"செரி, அழுதது போதும். இப்ப இன்னா பண்ணணும், சொல்லுங்க" என்றாள்.

யோசித்தேன். இரண்டாவது பையின் ஒட்டுத் தட்டில் ஒரு துண்டை வெட்டினேன். சூடுபட்டால் அது மெழுகாக இளகும். கன்னியம்மா வாங்கி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, விளக்குத் திரி போல உருட்டிக் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துக்கே சமைத்த கையாயிற்றே! ஸ்டோமாவைச் சுற்றி அதைப் பதித்து, மேலே பையை ஒட்டினேன். கைச்சூடு பட்டால் நன்றாகப் பிடிக்கும் என்றேன். தன் கையை வைத்து அழுத்தியவள், எடுக்கவே இல்லை. வெளியே யாரோ கூப்பிட்டார்கள்.

"இரு, வர்றேன். டீச்சருக்கு பொடவ கட்டிவுட்டுனு கீறேன்" என்று குரல் கொடுத்தாள். இப்போது பொய் சொல்வது அவள் முறை.

புது வீட்டில், நல்ல நாளில், இப்படி அசிங்கம் பண்ணிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன்.

"பாத்ரூம் எதுக்கு கட்டுனது? பூட்டி வெச்சி கும்புடவா?" என்றாள்.

மலையிறங்கி வீடு சேரும்வரை ஒட்டு அசையவில்லை. "பவுச் இருந்ததால தப்பிச்சே" என்றார் வீட்டுக்காரர் பெருமையாக. முறைத்ததோடு விட்டேன்.

என்னைப் போலப் பை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் — நிறைய பேர் இருக்கிறோம், வாயைத்தான் திறப்பதில்லை — தயவுசெய்து இன்றைக்கே உங்கள் ஸ்பேர் செட்டைத் திறந்து பாருங்கள். அளவு சரியா? தேதி தாண்டிவிட்டதா? பேஸ்ட் பிதுங்குகிறதா? வீட்டுக்குப் புதிதாக வாங்கும்போதெல்லாம் ஒன்றை ஸ்பேருக்கு வைத்துவிட்டு, அதில் இருந்ததை உபயோகித்துவிடுங்கள். வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விட்டுவைக்காதீர்கள். போகிற இடத்தில் ஒரே ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

புதன்கிழமை கன்னியம்மாவின் மகன் புளி மூட்டையோடு எங்கள் ஊரான திருப்பத்தூருக்கு வந்திருந்தார். இப்போதைய அளவில் வெட்டிய முழு செட் ஒன்றை டப்பாவில் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன். சாயங்காலமே போன்.

"டீச்சர், உங்க பை வந்துச்சி. வெயில் படாத எடமா பாத்து வெச்சிட்டேன். இனிமே எங்க வூட்ல சாப்டாம போறதுக்கு இன்னா பொய் சொல்லுவீங்க?"