வலியைத் திருப்பித் தந்த தேவன்

இதை நம் ஜெபக்குழுவுக்குச் சொல்லியாக வேண்டும். அன்று என்னோடு சேர்ந்து நன்றி சொன்னவர்கள் நீங்கள்தானே.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு விடிகாலை ஷிப்டுக்குப் போன கம்பெனி பஸ், பனியில் யானை குறுக்கே வந்ததால் சட்டென்று பிரேக் போட்டது. என் மகள் எஸ்தரின் முகம் முன் சீட்டுக் கம்பியில் மோதியது. மேல் முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. பக்கத்துப் பல் உடையவில்லை, லேசாக ஆடியது.

துடித்தாள். மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை. பல் டாக்டரிடம் போவதாக இருந்தோம். அதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்து, அவள் தலையில் கைவைத்து, வலியை எடுத்துப்போடும் என்று மன்றாடினீர்கள். மறுநாள் வலி இல்லை! ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னேன். சுகம் தந்தபின் டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று இருந்துவிட்டோம்.

பிறகு அந்த உடைந்த பல் மெல்லச் சாம்பல் நிறமானது. அவள் பேசும்போது ஒரு வாடை வந்தது. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது போல. ஒருநாள் கண்ணாடி முன் நின்று ஸ்பூனால் பல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இது என் பல்லு மாதிரியே இல்லம்மா. வேற யாரோடதோ என் வாயில இருக்கற மாதிரி இருக்கு.”

அவள் கையிலிருந்து ஸ்பூனைப் பிடுங்கி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை எழுந்து வந்தவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மேலுதடு வீங்கி, வலது கண் பாதி மூடியிருந்தது. “பல்லு வலிக்கலம்மா, மூஞ்சிதான் கனமா இருக்கு” என்றாள். வலிக்கவில்லை என்ற அந்த வார்த்தைதான் என்னை நடுங்க வைத்தது.

ஓசூரில் டாக்டரம்மா சீழை வெளியேற்றி, எக்ஸ்ரே எடுத்தார். வேர்நுனியில் கறுப்பாக ஒரு நிழல்.

“வலி போனது சுகமில்லைங்கம்மா. உள்ள நரம்பு செத்துப்போச்சு. அதான் சத்தமே இல்ல.”

பஞ்சில் ஐஸ் வைத்து அந்தப் பல்லைத் தொட்டார். “ஜில்லுனு இருக்கா கண்ணு?”

“ஒண்ணும் தெரியல.”

பக்கத்துப் பல்லைத் தொட்டார்.

“அதுவும் தெரியல டாக்டர்.”

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். “அடிபட்ட பல்லு சிலது மறுபடி முழிச்சுக்கும். சிலது அப்படியே போயிடும். பாப்போம்.”

உடைந்த பல்லைச் சுற்றி முதலில் பல்நிறப் பசையால் சுவர் எழுப்பினார். எச்சில் உள்ளே இறங்கக்கூடாதாம். அதன் பிறகே ரூட் கெனால் செய்து, வேரைச் சுத்தம் செய்து அடைத்தார். அப்புறம் உள்ளே ஒரு சின்னக் கம்பி நிறுத்தி, அதன்மேல் பல்லைக் கட்டினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பல்லுக்கு ஐஸ் வைப்பார். எஸ்தர் அசையாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சவத்தைத் தொடுவது போல இருக்கும் எனக்கு.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். “ஆண்டவரே, இந்தப் பக்கத்துப் பல்லுக்காவது வலியைத் தாரும்.” எந்தத் தாய் பிள்ளைக்கு வலி கேட்பாள்? நான் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

உடைந்த பல்லுக்கு மேலுறையாகக் கேப் போட அளவெடுக்கும் நாள். பக்கத்துப் பல்லில் ஐஸ் பஞ்சு பட்டதும், “ஆ! கூசுது!” என்று அலறி டாக்டரின் கையைத் தட்டிவிட்டாள்.

“அடிக்காத கண்ணு, இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்” என்று சிரித்தார் டாக்டரம்மா.

நான் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுதேன்.

“எம்மா! வலிக்குதுங்கறேன், நீ ஸ்தோத்திரம் சொல்றியே!”

இப்போது கேப் பொருத்தியாயிற்று. எக்ஸ்ரேயில் அந்த நிழலும் சுருங்கி வருகிறது. பிரியமானவர்களே, ஒரு நோவு திடீரென்று அடங்கினால் நன்றி சொல்லுங்கள். சொல்லிவிட்டு டாக்டரிடமும் போங்கள். அங்கேயும் ஆண்டவர்தான் இருக்கிறார். தைரியமாக நம்புங்கள், நாம் கேட்கத் தெரியாமல் கேட்டதையும் அவர் திருத்திக் கொடுக்கிறார்.

நம் ஊர்க் காலைக் குளிரில் எஸ்தர் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாள். ‘ஸ்ஸ்’ என்று பல் கூசி மூச்சிழுக்கும் சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.